பெரிய கேம் போட்டால் பெரிய பவரா?



போன வாரம் மதிய இடைவேளையில் எங்க வகுப்பில் ஒரு வாக்குவாதம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினில் பவரைக் கூட்டணும்னா எதை மாத்தணும்? ஒருத்தன் கார்புரேட்டர் என்றான். இன்னொருத்தன் சைலன்சரைக் கழற்றிடு என்றான் (சத்தம் நிச்சயம் கூடும்!). நான் கேம்ஷாஃப்ட் என்றேன். உடனே எல்லாரும், "அப்ப இருக்கறதுலயே பெரிய கேமா பார்த்து போட்டுட வேண்டியதுதானே" என்று முடித்துவிட்டார்கள். அந்த முடிவு தப்பு. ஏன் தப்பு என்று சொல்ல அன்னைக்கு மணி அடித்துவிட்டது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை செய்த ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, நாலு சிலிண்டர். முதலில் வந்தபோது நிமிடத்துக்கு 5400 சுற்றில் 95 குதிரைத்திறன். இந்த எஞ்சினை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நம்ம ஊர் பழைய அம்பாசிடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான், 'பி சீரிஸ்' என்பார்கள். எங்க மாமா ஒர்க்‌ஷாப்பில் அதைப் பிரித்துப் போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

கேம்ஷாஃப்ட் என்பது முட்டை வடிவ மேடுகள் உள்ள ஒரு தண்டு. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று. மேடு டேப்பட்டைத் தள்ளும், டேப்பட் புஷ்ராடைத் தள்ளும், புஷ்ராட் ராக்கரைத் தள்ளும், ராக்கர் வால்வைத் திறக்கும். எப்போது திறக்கணும், எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அந்த மேட்டின் வடிவத்தில் இருக்கிறது.

பாடத்தில் பிஸ்டன் மேலே வந்ததும் இன்லெட் வால்வு திறக்கும், கீழே போனதும் மூடும் என்று படித்தோம். அது 180 டிகிரி. நிஜத்தில் அப்படி இல்லை. எம்.ஜி.பி.யின் ஒரிஜினல் கேமில் பிஸ்டன் உச்சிக்கு வர 16 டிகிரி இருக்கும்போதே இன்லெட் திறந்துவிடும். பிஸ்டன் அடிக்குப் போய், திரும்பி 56 டிகிரி ஏறின பிறகுதான் மூடும். கூட்டிப் பாருங்க: 16 + 180 + 56 = 252 டிகிரி.

பிஸ்டன் மேலே ஏறும்போதும் ஏன் திறந்து வைக்கணும்? காற்றுக்கும் எடை இருக்கிறது. நிலைமம் படித்தோமே, அதேதான். 6000 சுற்றில் இந்த 252 டிகிரி முடிய ஆகும் நேரம் 7 மில்லி விநாடி. ஓடி வருகிற காற்று சட்டென்று நிற்காது, பிஸ்டன் ஏறினாலும் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். ஆனால் 800 சுற்றில் அதே 252 டிகிரிக்கு 52 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். காற்றுக்கு வேகம் இல்லை. ஏறி வருகிற பிஸ்டன் கலவையை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும்.

'பெரிய கேம்' என்றால் இந்த டிகிரி கூடின கேம். மேல் சுற்றில் நிறையக் காற்று உள்ளே போகும், பவர் கூடும். கீழ் சுற்றில் இழுவை குறையும். ஒண்ணைக் கொடுத்துத்தான் இன்னொண்ணை வாங்க முடியும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. எக்ஸாஸ்ட் மூடுவதற்குள் இன்லெட் திறந்துவிடுகிறது, இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் ஓவர்லாப். ஒரிஜினல் கேமில் எக்ஸாஸ்ட் உச்சிக்குப் பிறகு 21 டிகிரியில் மூடும். ஆக 16 + 21 = 37 டிகிரி. மேட்டின் மையம் 110 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால், 270 டிகிரி கேமுக்கு ஓவர்லாப் 50, 300 டிகிரி ரேஸ் கேமுக்கு 80. அவ்வளவு இருந்தால் ஐடிலிங்கில் புகை இன்லெட் பக்கம் திரும்பும், எஞ்சின் குலுங்கிக் குலுங்கி ஓடும்.

பி சீரிஸில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. நாலு சிலிண்டருக்கு இன்லெட் வழி இரண்டே இரண்டுதான். 1-ம் 2-ம் ஒரே வாசல், 3-ம் 4-ம் ஒரே வாசல். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. அதனால் 2-வது சிலிண்டர் இழுத்து முடித்ததும் அடுத்து இழுப்பது அதே வாசலில் இருக்கும் 1-வது. 180 டிகிரிக்கு மேல் எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு நேரம் இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். ஒரிஜினலில் 72 டிகிரி, 270-ல் 90, 300-ல் 120! ஒரே குழாயில் இரண்டு குடம் வைத்த மாதிரி, பங்கு சமமாக வராது. வாசல் தனித்தனியாக இருக்கிற எஞ்சினுக்குச் சொன்ன ஆலோசனையை இதற்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, எதை எடுப்பது? கார் எந்தச் சுற்றில் ஓடப்போகுது என்று முதலில் பார்க்கணும். எம்.ஜி.பி. டாப் கியரில் 1000 சுற்றுக்கு ஏறத்தாழ 29 கி.மீ. வேகம். ஆக சாலையில் 85 கி.மீ. வேகத்தில் போனால் 3000 சுற்றுதான். 6000 சுற்று என்றால் 170-ஐத் தாண்டணும், அது ரேஸ் டிராக்கில் நடக்கும் கதை. தினசரி ஓட்டுகிற காருக்கு நான் 270 பக்கம்தான். வாங்குமுன் கேம் செய்தவர் கொடுக்கும் டிகிரி எப்படி அளந்தது என்றும் கேட்கணும். ஒவ்வொருவர் ஒவ்வொரு இடத்திலிருந்து அளப்பதால் இரண்டு 270 ஒன்றாக இருக்காது.

வால்வு உயரமும் கூடினால் ஸ்பிரிங் முழுசா அமுங்கி இடிக்காமல் இருக்கிறதா, வால்வு பிஸ்டனைத் தொடாமல் இருக்கிறதா என்று பார்க்கணும். பிஸ்டன் மேல் களிமண் வைத்துக் கையால் சுற்றினால் இடைவெளி பதிந்துவிடும். கார்புரேட்டர் ஊசியையும் மாத்த வேண்டி வரலாம்.

இனி டேப்பட் விஷயம். இதை மாமா காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார். ஒரு அம்பாசிடருக்குப் புது கேம்ஷாஃப்ட் போட்டவர், செலவைக் குறைக்க பழைய டேப்பட்டையே மாட்டிவிட்டார். சில வாரத்தில் வண்டி மிஸ்ஸாகி வந்து நின்றது. பிரித்துப் பார்த்தால் ஒரு மேடு தேய்ந்து கிட்டத்தட்ட வட்டமாகிவிட்டது. டேப்பட் ஒவ்வொன்றும் தன் பழைய மேட்டோடு சேர்ந்து தேய்ந்து பழகினது, புது மேட்டோடு ஒத்துப்போகாது. மறுபடி எல்லாம் மாமா செலவு. அந்த மாதம் வீட்டில் பேச்சே இல்லை.

எண்ணெயும் கவனிக்கணும். மேடும் டேப்பட்டும் உரசும் இடத்தைக் காப்பது எண்ணெயில் கலந்திருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம். பாஸ்பரஸ் புதுக் கார்களின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் இப்போதைய பல எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய எஞ்சினுக்கு அது போதுமான அளவு உள்ள எண்ணெயாகக் கேட்டு வாங்கணும்.

இரண்டாவது தடவை மாமா எட்டு டேப்பட்டும் புதுசு போட்டார். மேடுகளில் கெட்டியான பசை தடவினார். எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விடாமல் நேராக 2000 சுற்றுக்கு ஏற்றினார். கிராங்க் வேகமாகச் சுற்றி எண்ணெயை வாரி இறைத்தால்தான் கேமுக்குப் போகுமாம். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுசா 20 நிமிடம் பக்கத்திலேயே நின்றார். நான் ஏதோ கேட்கப் போனேன். "இரு, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்றார்.