ஸ்டோர் ரூமில் விளக்கை அணைத்துவிட்டு உட்காரும் டாக்டர்

கடிக்க வரும் ராட்வைலரை அசராமல் பிடித்து ஊசி போட்டுவிடுவார். ஓ.பி. முடிந்ததும் மருந்து ஸ்டோருக்குள் போய், விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். டீக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். ‘தலைக்கனம்’ என்று ஒரு பேச்சு ஓடும். ஆட்டிசம் உள்ள கால்நடை மருத்துவர்கள் பலரைக் களைப்படைய வைப்பது விலங்கு அல்ல; இரைச்சலும், சொல்லாமல் கொள்ளாமல் வரும் மாற்றங்களும், மனிதர்களின் பூடகப் பேச்சும்தான். கிளினிக் நடத்துகிறவர் இவற்றில் பாதியைச் செலவில்லாமல் சரிசெய்யலாம்.

முதலில் தனியாகப் பேசுங்கள். “உங்களுக்கு என்ன பிரச்சினை?” என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் வராது. காலை கதவு திறப்பதிலிருந்து இரவு பூட்டும்வரை ஒவ்வொரு வேலையாகக் கேளுங்கள். கேள்விகளை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. பதிலும் எழுத்திலேயே வரட்டும். சான்றிதழ் கேட்காதீர்கள். வளர்ந்த பிறகே ஆட்டிசம் என்று தெரிந்துகொண்டவர்கள் நிறையப் பேர். அவர் அனுமதியில்லாமல் கம்பவுண்டரிடம்கூட இதைச் சொல்லக் கூடாது.

அடுத்தது சத்தம். நாய்க்கூண்டு அறைகளில் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டுவது உண்டு. கேஸ் ஷீட் எழுதும் மேஜையை அங்கிருந்து நகர்த்துங்கள். மினுக்கும் டியூப்லைட்டை மாற்றுங்கள். ரிசப்ஷன் போனின் மணியைக் குறையுங்கள். காதடைப்பான் போட்டுக்கொள்ள விடுங்கள். ஸ்டெதாஸ்கோப் வைக்கும்போது கழற்றிக்கொள்வார். இந்த அமைதியால் பூனைகளும் பிழைக்கும் என்பது கூடுதல் லாபம்.

நான் அதிகம் வலியுறுத்துவது நேர ஒழுங்கைத்தான். வண்டியில் அடிபட்ட நாய் டோக்கன் வாங்கிக்கொண்டு வராது, உண்மைதான். ஆனால் அது வந்தால் ஓ.பி.யை யார் பார்ப்பது, எந்தக் கருத்தடை அறுவை தள்ளிப்போகும், ஓனர்களிடம் யார் சொல்வது என்பதைப் பலகையில் முன்பே எழுதிவைக்கலாம். தெரிந்த வரிசையில் வரும் அவசரம் பாதி அவசரம்தான். ஷிஃப்ட் மாற்றத்தை முந்தின நாள் மாலைக்குள் சொல்லிவிடுங்கள். காலை 11.30-க்கு ஒரு டோக்கனைக் காலியாக விடுங்கள். “ஒரே ஒரு தடுப்பூசிதானே” என்று அதில் ஆளை நுழைக்காதீர்கள். நுழைப்பது பெரும்பாலும் முதலாளிதான்!

பேச்சிலும் இதே தெளிவு வேண்டும். “அந்த லாப்ரடாரைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க டாக்டர்” என்றால் எவ்வளவு பார்ப்பது? “ட்ரிப்ஸ் முடிஞ்சதும் கிரியேட்டினின் பாருங்க, 3-க்கு மேல இருந்தா எனக்கு போன் பண்ணுங்க” என்று சொல்லுங்கள். தவறு நடந்தால் ஓனர் முன்னால் ஜாடையாகக் குத்தாமல், தனியே, நேராகச் சொல்லுங்கள்.

கருணைக்கொலை நாள் கடினமானது. முகத்தில் சலனம் தெரியாததால் இரக்கமில்லாதவர் என்று ஓனர் நினைத்துவிடலாம். உள்ளே நடப்பது வேறு. சிலர் அந்த வலியை அளவுக்கு மீறியே உணர்கிறார்கள். சொல்ல வேண்டிய நாலைந்து வாக்கியங்களை இருவரும் சேர்ந்து முன்பே எழுதிவைத்துக்கொள்ளலாம். பில் பேச்சு ரிசப்ஷனோடு நிற்கட்டும். முடிந்த கையோடு அடுத்த குட்டியை உள்ளே அனுப்பாமல் பத்து நிமிடம் கொடுங்கள். ஆனால் ‘நல்லது செய்கிறேன்’ என்று அவரைக் கேட்காமலே ஓ.பி.யிலிருந்து எடுத்து ஆபரேஷன் தியேட்டருக்குள் அடைத்துவிட வேண்டாம். ஓனர்களிடம் பொறுமையாக விளக்குவதை விரும்பிச் செய்பவராகவும் அவர் இருக்கலாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இருக்கிறது. அரசு நிறுவனங்கள் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்குத் தேவையான பணியிட வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அரசு கால்நடை மருந்தகப் பொறுப்பில் இருப்பவர்கள் கவனிக்க.

ஒரு மாதம் கழித்து எது உதவியது, எது உதவவில்லை என்று மறுபடி கேளுங்கள். திடீரென்று பேச்சு குறைந்து, விடுப்பு கூடினால் மெமோவை எடுக்குமுன் பலகையையும் 11.30 டோக்கனையும் ஒருமுறை பாருங்கள். ஸ்டோரில் விளக்கு அணைந்திருந்தால் கதவைத் தட்ட வேண்டாம். அவசரக் கேஸ் என்றால் தட்டலாமா, எத்தனை தட்டு என்பதையும் அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.