குந்தி உட்காரப் பழகுவோம்



லயத்து வாசலில் குந்திக்கொண்டு வெற்றிலை போடும் பாட்டிமாரைப் பார்த்திருப்பீர்கள். குதிகால் தரையில் பதிந்திருக்கும், எவ்வளவு நேரமானாலும் கதை பேசுவார்கள். பேரப்பிள்ளைகளை அப்படி உட்காரச் சொன்னால் குதிகால் எழும்பி பின்னால் சாய்ந்து விடுகிறார்கள். பிள்ளைகளை ஏன் குறை சொல்வான்? நானே செய்து பார்த்து மல்லாக்க விழுந்தேன்!

இந்தக் குந்தலைத்தான் யோகாசனத்தில் மாலாசனம் என்கிறார்கள். பி.கே.எஸ். அய்யங்கார் 1966ல் வெளியிட்ட 'லைட் ஆன் யோகா' நூலில் உள்ள மாலாசனம் பாதங்களைச் சேர்த்து, கைகளை மாலைபோல உடம்பைச் சுற்றிக் கோர்ப்பது. அது கஷ்டம். நமக்கு கால் அகட்டிச் செய்யும் இலேசான முறை போதும்.

கொழுந்து எடுக்கும் தாய்மார் பாரத்தைச் சுமந்து, சரிவில் முன்னால் குனிந்து நாள் முழுக்க நிற்கிறார்கள். சாயந்திரம் கெண்டைக்கால் இழுக்குது, இடுப்பு கடுக்குது என்கிறார்கள். குந்தும்போது கெண்டைக்கால், உள்தொடை, இடுப்பின் கீழ்ப்பகுதி எல்லாம் நீண்டு கொடுக்கும். கணுக்கால் நன்றாக மடங்கப் பழகினால் ஏற்றம் ஏறுவதும் சுலபம்.

மலச்சிக்கல் உள்ளவர்களுக்கும் இது நல்லது. மலக்குடலை ஒரு தசை கயிறு மாதிரி முன்னால் இழுத்து வளைத்துப் பிடித்திருக்கிறது. குந்தினால் அந்தத் தசை தளரும், வளைவு நேராகும், முக்கத் தேவையில்லை. கொமட் வைத்த வீடுகளில் காலுக்கு அடியில் சின்னப் பலகை போட்டாலும் ஓரளவு அதே பலன்தான்.

டயகம குளிரில் விடிந்ததும் எழும்பிச் செய்யாதீர்கள், உடம்பு விறைத்திருக்கும். கொஞ்சம் நடந்து சூடேறிய பிறகு, பூட்சைக் கழற்றிவிட்டு, தோள் அகலத்துக்குக் கால் வைத்து, விரல்களைச் சற்று வெளியே திருப்புங்கள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். குதிகால் பதியாவிட்டால் மடித்த சாக்கை அடியில் வையுங்கள். முழங்கைகளை முழங்காலுக்கு உள்ளே வைத்துக் கும்பிடுங்கள். முதுகு நேராக, ஐந்தாறு மூச்சு. பிறகு நிலையைப் பிடித்தே எழும்புங்கள். சடாரென்று எழும்பினால் தலை சுற்றும்.

முழங்கால் தேய்மானம், மூட்டு ஆபரேஷன் உள்ளவர்கள் டாக்டரிடமும், கர்ப்பிணிகள் மிட்வைப் அம்மாவிடமும் கேட்காமல் செய்ய வேண்டாம்.

மரக்கறித் தோட்டத்தில் மணிக்கணக்காகக் குந்தி களை பிடுங்குவது ஆசனம் அல்ல. முழங்காலுக்குப் பக்கத்தில் ஓடும் நரம்பு நசுங்கி, பாதத்தைத் தூக்க முடியாமல் போகும். ஸ்ட்ரோபெரி பறிக்கும் கூலிகளுக்கு அதிகம் வந்ததால் மேல்நாட்டு டாக்டர்மார் அந்தப் பழத்தின் பெயரையே நோய்க்கு வைத்தார்கள். கால் மரத்தால் உடனே எழும்பி நடந்துவிட்டு வாருங்கள். மரப்பு விடாமல் இருந்தாலோ, நடக்கும்போது பெருவிரல் தரையில் இழுபட்டாலோ, அன்றைக்கே டிஸ்பென்சரிக்கு வந்து காட்டுங்கள்.