மெமரி கார்டுக்கும் ஒரு பூட்டு உண்டு!

வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், பத்திர நகல் என எல்லாத்தையும் ஒரே பென் டிரைவில் போட்டுக்கிட்டு பிரவுசிங் சென்டருக்குப் போறோம். அங்குள்ள கணினியில் வைரஸ் இருந்தால், செருகிய சில நொடிகளிலேயே நம்ம பென் டிரைவிலும் ஏறிவிடலாம். வீட்டுக்கு வந்து திறந்தால், ஃபோல்டர்கள் காணாமல் போய் வெறும் ஷார்ட்கட்டுகள் மட்டும் நிற்கும். இதைத் தடுக்க உதவுவதுதான் 'ரைட் புரொடெக்‌ஷன்', அதாவது எழுதத் தடை.

அது என்ன?

சேமித்ததைத் திறந்து பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். ஆனால் புதிதாக எதையும் சேர்க்கவோ, மாற்றவோ, அழிக்கவோ முடியாது. இது புதுசு இல்லீங்க. டேப் ரெக்கார்டர் காலத்தில் கேசட்டின் மேல் ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைச்சு விடுவாங்களே, ஞாபகம் இருக்கா? அந்தப் பாட்டின் மேல் வேறு எதையும் யாரும் பதிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

பூட்டு எங்கே இருக்கும்?

• எஸ்டி கார்டு: பெயர் அச்சிட்ட பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். இடது ஓரத்தில் ஒரு சிறு தள்ளுபொத்தான் இருக்கும். அதைக் கீழே தள்ளினால் பூட்டு.

• மைக்ரோ எஸ்டி: இதில் பொத்தான் கிடையாது. ஆனால் அதைச் செருகும் அடாப்டரில் உண்டு.

• பென் டிரைவ்: பெரும்பாலானவற்றில் இருக்காது. சில மாடல்களில் மட்டும் உண்டு. வாங்கும்போதே கேட்டு வாங்குங்க.

ஒரு விஷயம் கவனிங்க. எஸ்டி கார்டின் பொத்தான் கார்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை. பொத்தான் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கார்டு ரீடர்தான் பார்த்து, எழுதாமல் நிறுத்துகிறது. சில ரீடர்கள் அதைக் கண்டுகொள்ளாது. எனவே இன்னொரு பிரதி எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

எதைத் தடுக்காது?

நகல் எடுப்பதைத் தடுக்காது! பூட்டிய கார்டில் இருக்கும் ஆதார் நகலையும் அந்தக் கணினி தாராளமாகப் பிரதி எடுத்துக்கொள்ள முடியும். அதனால் அன்றைக்குத் தேவையான கோப்பை மட்டும் எடுத்துப் போங்க. முடிந்த இடங்களில் முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்க. டிஜிலாக்கரில் கிடைக்கும் சான்றுகளுக்குப் பென் டிரைவே தேவையில்லை.

பூட்டாமலே 'ரைட் புரொடெக்டட்' என்று வந்தால்?

1. முதலில் பொத்தானைப் பாருங்க. கை பட்டு நகர்ந்திருக்கலாம்.

2. வேறு ரீடரில், வேறு கணினியில் போட்டுப் பாருங்க.

3. அப்பவும் அதே செய்தி வந்தால், உள்ளே இருப்பதை எல்லாம் உடனே வேறு இடத்தில் பிரதி எடுங்க. ஃபிளாஷ் மெமரியில் இத்தனை முறைதான் எழுத முடியும் என்று ஓர் அளவு உண்டு. தேய்ந்துபோன கார்டுகள் பல, இருப்பதைக் காப்பாற்ற எழுதுவதையே நிறுத்திக்கொள்ளும். அதாவது, 'படிக்க முடியும்போதே எடுத்துக்கோ' என்று கார்டு சொல்கிறது. போனில் இருக்கும் கார்டுக்கும் இதே கதைதான்.

4. பிரதி எடுக்காமல் ஃபார்மேட் செய்ய வேண்டாம். முன்பின் தெரியாத 'ரிப்பேர்' செயலிகளையும் இறக்க வேண்டாம். பிறகு அந்தக் கார்டை நம்பி முக்கியமான எதையும் வைக்காதீங்க.

சாட்சியாகும் கார்டு

விபத்தோ திருட்டோ உங்கள் கேமராவில் பதிவாகியிருந்தால், அந்தக் கார்டில் எதையும் வெட்டாதீங்க, ஒட்டாதீங்க, புதிதாகப் பதியாதீங்க. பூட்டிவிட்டு காவல் துறையிடம் ஒப்படையுங்க. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது சான்றிதழ் தர வேண்டும். அதில் 'ஹேஷ்' மதிப்பும் குறிக்கப்படும். கோப்பில் ஒரு சிறு மாற்றம் வந்தாலும் அந்த மதிப்பு மாறிவிடும். தடய அறிவியல் ஆய்வகங்களில் 'ரைட் பிளாக்கர்' என்ற கருவி வழியாகவே சேமிப்பகங்களைத் திறப்பதும் இதனால்தான்.

உங்க வீட்டில் குடும்பப் படங்கள் உள்ள பழைய எஸ்டி கார்டு இருக்கா? முதலில் ஒரு பிரதி எடுங்க, பிறகு பொத்தானைக் கீழே தள்ளி வையுங்க. ஒரு நிமிட வேலைதான்!