மின்னஞ்சலையும் கோப்புகளையும் கிளவுடுக்கு மாற்றும் முன்



கடையை ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கு மாற்றுவதென்றால் நாம் என்ன செய்வோம்? நல்ல நாள் பார்ப்போம். இருப்பெடுப்போம். பார்ட்டிகளுக்குத் தகவல் சொல்வோம். பழைய கடை வாசலில் புது விலாசப் பலகை மாட்டுவோம். வாடகை போனாலும் போகட்டும் என்று ஒரு மாதம் பழைய சாவியையும் கையில் வைத்திருப்போம். ஆனால் அலுவலக மின்னஞ்சலையும் கணக்குக் கோப்புகளையும் இடம் மாற்றும்போது இந்த நிதானம் நமக்கு வருவதில்லை. எங்களுக்கும் வரவில்லை. பட்ட நஷ்டத்தை மறைக்காமல் எழுதுகிறோம்.

எங்களுடையது மல்லி, சீரகம், வத்தல் மொத்த வியாபாரம். எங்கள் நிறுவனப் பெயரிலான மின்னஞ்சலை, இணையதளம் அமைத்துக் கொடுத்தவரே பல ஆண்டுகளாக நடத்தி வந்தார். பெட்டி நிரம்பி, வரும் அஞ்சல்கள் திரும்பத் தொடங்கின. கிளவுட் தளம் ஒன்றுக்கு மாறத் தீர்மானித்து, ஒரு சனிக்கிழமை மாலை மாற்றினோம். பழைய சேவையின் ஆண்டுச் சந்தா அதே வாரம் முடிந்தது. இனி எதற்கு வீண் செலவு என்று புதுப்பிக்காமல் விட்டோம். திங்கட்கிழமை புதுப் பெட்டியில் புது அஞ்சல்கள் வந்தன. பழையவை ஒன்றுகூட இல்லை.

இரண்டு வாரம் கழித்து ராஜஸ்தான் ராம்கஞ்ச் மண்டியிலிருந்து 100 குவிண்டால் மல்லி வந்தது. பேசிய விலையைவிடக் குவிண்டாலுக்கு 300 ரூபாய் கூடுதலாகப் பில் போட்டிருந்தார்கள். விலையை உறுதி செய்த அஞ்சலைக் காட்டினால் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அது பழைய பெட்டியோடு போய்விட்டது. சந்தாவில் மிச்சம் பிடித்தது 4,000 ரூபாய். கையைவிட்டுப் போனது 30,000 ரூபாய்.

நடந்தது என்ன?

நம் நிறுவனத்தின் இணையப் பெயருக்கு ஒரு முகவரிப் பதிவு உண்டு. அதில் எம்.எக்ஸ். என்னும் வரி, அஞ்சலை எந்த சர்வரில் சேர்க்க வேண்டும் என்று சொல்கிறது. தளம் மாறும்போது திருத்துவது அந்த வரியைத்தான். இனி வரும் அஞ்சல் புது இடம் போகும். ஏற்கெனவே வந்தவை தாமாக நகரா. அவற்றைத் தனியே நகலெடுக்க வேண்டும். திருத்தம் எங்கும் பரவ இரண்டு நாள் வரைகூட ஆகலாம். அதுவரை சில அஞ்சல்கள் பழைய பெட்டிக்கே போய்ச் சேரும்.

செய்ய வேண்டியவை

1. இணையப் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கம்ப்யூட்டர்காரர் பேரில் இருந்தால் நிறுவனத்தின் பேருக்கு மாற்றுங்கள். கடையின் பத்திரம் பிறர் பேரில் இருப்பதற்கு ஒப்பானது இது.

2. எத்தனை பெட்டிகள், யார் யாருடையவை, எவ்வளவு அஞ்சல் என்று பட்டியல் எடுங்கள். முகவரியே மாறுவதானால் வங்கி, ஜி.எஸ்.டி., உணவு உரிமம் ஆகியவற்றில் முதலில் மாற்றுங்கள். ஓ.டி.பி. பழைய முகவரிக்குப் போனால் வேலை நின்றுவிடும்.

3. ஐமேப் முறையில் அஞ்சல்கள் மட்டுமே வரும். தொடர்பு முகவரிகளையும் நாள்காட்டியையும் தனியே எடுக்க வேண்டும். பாப் முறையில் இறக்கிய அஞ்சல்கள் கடைக் கம்ப்யூட்டரில் மட்டும் கிடக்கலாம். அதையும் தேடுங்கள். நகல் முடிந்ததும் இருப்புச் சரிபார்ப்பது போல இருபுறமும் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

4. மாத முடிவு, ஜி.எஸ்.டி. கெடு நாட்களான 11, 20 தேதிகள், தீபாவளி, பொங்கல் நெருக்கம் ஆகியவற்றைத் தவிருங்கள்.

5. பழைய சேவையைக் குறைந்தது ஒரு மாதம் நிறுத்தாதீர்கள். பிந்தி வந்த அஞ்சல்களையும் எடுத்த பிறகே மூடுங்கள்.

6. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்னும் அடையாளப் பதிவுகளைப் புதுத் தளத்துக்கு ஏற்ப அமைக்கச் சொல்லுங்கள். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அஞ்சல் அனுப்புவோர் எல்லாருக்கும் இவற்றில் ஒன்றாவது வேண்டும் என்பது கூகுளின் விதி. இல்லையேல் நம் பில் குப்பைப் பெட்டிக்குப் போகலாம், திரும்பியும் வரலாம்.

7. ஆளுக்கொரு பாஸ்வேர்டு, இரண்டு கட்டச் சரிபார்ப்பு இரண்டும் அவசியம். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுங்கள். தலைமைச் சாவி நம்பிக்கையான இருவரிடம் இருக்கட்டும்.

கோப்புகள் விஷயம்

டேலியில் நடப்புக் கணக்கு ஓடும் ஃபோல்டரை கிளவுட் ஒத்திசைவில் வைக்காதீர்கள். பாதி எழுதிய நிலையில் கோப்பு நகலாகிக் கெட்டுப்போக வாய்ப்புண்டு. அன்றாடம் எடுக்கும் பேக்கப்பை மட்டும் ஏற்றுங்கள். ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு. குமாஸ்தா இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தனி ஹார்டு டிஸ்கிலும் ஒரு நகல் எடுத்து, கடைக்கு வெளியே வையுங்கள்.

சட்டமும் இதையே கேட்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, ஆண்டறிக்கைக் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்க வேண்டும். 2024-25ஆம் ஆண்டுக்கு அந்தக் கெடு 31.12.2025 என்பதால், அந்த ஆண்டுக் கணக்கு 31.12.2031 வரை நம்மிடம் இருக்க வேண்டும். மின்னணுக் கணக்கு அழிந்தால் மீட்கும்படி பேக்கப் இருக்க வேண்டும் என்பதும் விதி.

கிளவுட் வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. வெள்ளமோ தீயோ வந்தால் கடையிலுள்ள பேரேடு போய்விடும், வெளியிலுள்ள நகல் நிற்கும். இன்று நாங்களும் அதில்தான் இருக்கிறோம். புது இடத்தில் பழைய சரக்கு முழுவதும் வந்து சேர்ந்ததா என்று எண்ணிப் பார்த்த பிறகே பழைய சாவியைத் திருப்பிக் கொடுங்கள். நாங்கள் 30,000 ரூபாய் கொடுத்துக் கற்ற பாடம் உங்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கட்டும்.