பந்திக்கு வருவதற்கு முந்தைய வயது

அன்புள்ள தங்கைக்கு,

அடையாற்றங்கரைக் குடியிருப்புகளிலும் மயிலாப்பூர்ச் சந்துகளிலும் ஊட்டச்சத்து ஆலோசகராக வேலை தொடங்குகிறாய். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையுள்ள குழந்தைகள் மேல்தான் உன் முதல் கவனம் இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் பசியைச் சென்னை நூறாண்டுக்கு முன்பே கவனிக்கத் தொடங்கிவிட்டது. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைவராயிருந்த மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் சோறு போட்டது. பிறகு 1956-இல் காமராஜரின் மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவும், 2022-இல் காலை உணவும் வந்தன. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளில் போதிய உணவு கிடைப்பது ஆறில் ஒன்றுக்குத்தான். பள்ளிப் பந்தியில் உட்காரும் வயது வருவதற்குள் உயரக் குறைவின் பெரும்பகுதி ஏற்பட்டுவிடுகிறது.

ஆறு மாதத்துக்குப் பின் தாய்ப்பாலில் வரும் இரும்புச்சத்து போதாது. வயிறோ சிறியது. ரசம் சாதமும் பாலில் ஊறிய பிஸ்கட்டும் அதை நிரப்பிவிட்டால் முட்டைக்கும் பருப்புக்கும் இடமிருக்காது. ஆகவே எடை பார்ப்பதோடு நிறுத்தாதே. நேற்று விடிந்ததிலிருந்து குழந்தை என்னென்ன சாப்பிட்டது என்று கேள். தாய்ப்பாலையும் சேர்த்து எட்டு உணவு வகைகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

ஒருநாள் சாப்பாட்டை வைத்து என்ன தெரியும் என்பார்கள். ஒரு குழந்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது போதாதுதான். பல வீடுகளில் கேட்டால் ஒரு தெருவின் வழக்கத்தைக் காட்டப் போதும். அங்கன்வாடியில் சத்துமாவு தருகிறார்களே என்றும் கேட்பார்கள். அது தேவைதான், ஆனால் ஒரே மாவு கீரைக்கும் முட்டைக்கும் ஈடாகாது. வறுமை இருக்கையில் புத்திமதி எதற்கு என்பதுதான் கனமான கேள்வி. வருமானத்தை உன்னால் உயர்த்த முடியாது. ஆனால் வீட்டில் ஏற்கெனவே வேகும் பருப்பிலும் முருங்கைக்கீரையிலும் குழந்தையின் பங்கைக் காரம் சேர்ப்பதற்கு முன் எடுத்து மசிக்கச் சொல்ல முடியும். தி.நகர்க் கடையில் இரவு வரை நிற்கும் தாய்க்கு நேரம்தான் பஞ்சம். பகலில் குழந்தைக்கு ஊட்டுவது பாட்டியென்றால் பாட்டியிடமே பேசு. ஒரு வீட்டில் முட்டை வாங்கவே வழியில்லையென்றால் அதைத் தாயின் அறியாமை என்று எழுதாதே. வாங்க வழியில்லை என்றே பதிந்து மேலே அனுப்பு. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் போதிய முட்டை வேண்டுமென்று அரசிடம் கேட்க அந்தப் பதிவுகள்தான் ஆதாரம்.

அன்புடன்,
உன் அக்கா