தூங்கும்போது வேலை செய்யும் லென்ஸ்

கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு போர்டைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறவர்கள் நம் வகுப்பிலேயே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நம் வயதில் பவர் ஏறும் வேகம் பெரும்பாலும் குறைந்துவிடும். வீட்டில் நாலாவது, ஐந்தாவது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இப்போதுதான் ஏற ஆரம்பிக்கும். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் நீளத்தில் வரும் கோளாறு. பெரியவர்களின் கண் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். வளரும் வயதில் அது தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை பவர் ஏறிவிடும். தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. கண்ணாடி அந்தப் பிம்பத்தைப் பின்னால் தள்ளும். நீண்ட கண்ணைக் குறைக்காது. பவர் ஆறு டயாப்டரைத் தாண்டினால் விழித்திரை கிழிதல், பிரிதல், கண் நீர் அழுத்த நோய் ஆகிய ஆபத்துகள் கூடும். ஆகவே குழந்தைக்குப் பவர் ஏறுவதை மெதுவாக்குவது அழகுக்கான வேலை என்று யாரும் எண்ண வேண்டாம்.

இனி லென்ஸுக்கு வருவோம். இதற்கு ஆர்த்தோகெரட்டாலஜி என்று பெயர், சுருக்கமாக ஆர்த்தோ-கே. ராத்திரி படுக்கும்போது ஒரு கெட்டியான காண்டாக்ட் லென்ஸைப் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். காலையில் கழற்றினால் அன்று முழுக்கக் கண்ணாடி இல்லாமல் பார்வை தெரியும். மாயம் ஒன்றுமில்லை, நம் ஒர்க்‌ஷாப் கணக்குதான். கண்ணின் முன்புறமுள்ள கார்னியாவின் வளைவு ஆரம் சுமார் 7.8 மி.மீ. கண் மருத்துவத்தில் 337.5-ஐ அந்த ஆரத்தால் வகுத்துப் பவர் காண்கிறார்கள்; 43.27 டயாப்டர் வருகிறது. மூன்று டயாப்டர் குறைக்க வேண்டுமானால் ஆரம் 8.38 ஆக வேண்டும். நடுவே நாலு மி.மீ. விட்டத்துக்கு இந்த மாற்றத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், உயர வித்தியாசம் வெறும் 19 மைக்ரான் அளவுதான்! தலைமுடியின் தடிமனில் கால்வாசி. கார்னியாவின் மேல்தோல் சுமார் 50 மைக்ரான் இருப்பதால், அதை நடுவில் கொஞ்சம் மெலியவும் ஓரத்தில் கொஞ்சம் தடிக்கவும் வைத்தாலே போதும். லென்ஸைப் போடுவதை நிறுத்தினால் சில நாளிலோ சில வாரத்திலோ பழையபடி ஆகிவிடும்.

அமெரிக்காவில் ஜார்ஜ் ஜெஸ்ஸன் 1962-லேயே இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் காலத்து பிளாஸ்டிக் வழியாக ஆக்சிஜன் போகாது. போட்டுக்கொண்டு தூங்கவும் முடியாது. நடுவில் தட்டையாகவும் அடுத்த வளையத்தில் செங்குத்தாகவும் உள்ள லென்ஸ் 1989 வாக்கில்தான் வந்தது. இந்த மாதிரி வளைவை மைக்ரான் சுத்தமாகக் கடைய வைர முனையும் கம்ப்யூட்டர் லேத்தும் வேண்டும். லேத் முன்னால் கால் வலிக்க நிற்கிற மெக்கானிக்கல் நண்பர்கள் இதைக் கவனிக்கவும். ஆக்சிஜன் விடும் புது பிளாஸ்டிக்கும் சேர்ந்த பிறகு, ராத்திரி போட்டுக்கொள்ள 2002-ல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

அதுவரை இது பகலில் கண்ணாடியைத் தவிர்க்கும் வழி மட்டும்தான். கண் நீள்வதும் மெதுவாகிறது என்பது அப்புறம் தெரிந்தது. ஹாங்காங்கில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளை இரு பிரிவாக்கி இரண்டு வருஷம் அளந்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணாடி போட்டவர்களின் கண் 0.63 மி.மீ. நீண்டது; லென்ஸ் போட்டவர்களுக்கு 0.36 மி.மீ. நூற்றுக்கு 43 குறைவு. சாதாரணக் கண்ணாடியில் நடுப்பிம்பம் சரியாக விழுந்தாலும் ஓரப் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் போய், அதைத் துரத்திக் கண் நீள்கிறது. இந்த லென்ஸ் ஓரப் பிம்பத்தை முன்னால் கொண்டுவருகிறது என்பது விஞ்ஞானிகள் தரும் விளக்கம்.

இவ்வளவு நல்லதென்றால் கறம்பக்குடியில் எல்லாப் பிள்ளைக்கும் போட்டுவிடலாமே? இங்கேதான் நான் கொஞ்சம் தயங்குகிறேன். மதுரை மாவட்டத்தில் 1993-ல் கணக்கெடுத்தபோது, லட்சம் பேரில் 113 பேருக்கு ஒரே வருஷத்தில் கார்னியாவில் புண் வந்திருந்தது. அமெரிக்காவில் இதுபோல் எடுத்த கணக்கில் வெறும் 11. நம் பக்கத்தில் நெல் தூசி, மண், தென்னை ஓலைக் கீறல் எல்லாம் இதற்கு வழி செய்யும். அதன் மேல் ராத்திரி முழுக்க ஒரு லென்ஸ் என்றால், சுத்தத்தில் துளியும் விட்டுக்கொடுக்க முடியாது. முக்கிய எதிரி தண்ணீர். போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் எதிலும் அகாந்தமீபா என்ற கிருமி இருக்கலாம். அது கார்னியாவைத் தின்று பார்வையையே வாங்கிவிடும். லென்ஸையோ டப்பாவையோ தண்ணீரில் அலசக் கூடாது. எச்சில் தொட்டுப் போடவே கூடாது. கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே தொட வேண்டும். பத்து வயதுப் பிள்ளை தினமும் தானே இதைச் செய்யாது. அம்மாவோ அப்பாவோ கூட நிற்க வேண்டும்.

கார்னியாவை வரைபடமாக எடுக்கும் கருவியுள்ள ஆஸ்பத்திரியில்தான் இதைப் பொருத்த முடியும். முதல் மாதத்தில் பலமுறை போகணும், அப்புறமும் சில மாதத்துக்கு ஒருமுறை போகணும். பஸ் காசு, அப்பாவின் ஒருநாள் கூலி எல்லாம் கணக்கில் வரும். லென்ஸ் விலையே பல ஆயிரம். பாதியில் நிறுத்தினாலோ கண் மறுபடி வேகமாக நீளக்கூடும். "பொண்ணுக்குக் கண்ணாடி இருந்தா மாப்பிள்ளை கிடைக்காது" என்பதற்காக மட்டும் இதைத் தேடிப் போகிறவர்கள் நின்று யோசிக்கணும்.

முடியாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. குறைந்த அளவு அட்ரோப்பின் சொட்டு மருந்து பவர் ஏறுவதைக் குறைக்கிறது. டாக்டர் எழுதித் தர வேண்டும். இன்னும் கண்ணாடி வராத பிள்ளைக்கு வெயில் வெளிச்சமே மருந்து. சீனாவின் குவாங்சௌவில் பள்ளியில் தினமும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருஷத்தில் அந்தப் பிள்ளைகளில் நூற்றுக்கு 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்ற பள்ளிகளில் 39 பேருக்கு. விளையாட்டு பீரியடைப் பிடுங்கிக் கணக்குப் போடச் சொல்லும் ஆசிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதைச் சொல்லத்தான் வேண்டும்.

"பவரைக் குறைச்சுப் போட்டா கண்ணு கெடாது" என்பது நம் ஊர் நம்பிக்கை. மலேசியாவில் 2002-ல் வெளியான ஆய்வில் அப்படிக் குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியது.

லென்ஸ் போடும் பிள்ளைக்குக் கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ உடனே கழற்றிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போகணும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து எதுவும் விடாதீர்கள். போகும்போது லென்ஸையும் அதன் டப்பாவையும் அப்படியே கையோடு எடுத்துப் போங்கள். என்ன கிருமி என்று அதிலிருந்தும் பரிசோதித்துப் பார்ப்பார்கள்.