பாஸ்வேர்டைச் சொல்லாமலே நிரூபிக்கலாம்!

இமெயில் பார்க்க பாஸ்வேர்டை டைப் செய்கிறீர்கள். அது மறுமுனையில் உள்ள சர்வருக்குப் போகிறது. அதாவது, ரகசியம் உங்களுக்குத் தெரியும் என்று காட்ட, அந்த ரகசியத்தையே எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். வங்கித் தளம் போல வேடமிட்ட போலித் தளத்தில் டைப் செய்துவிட்டால்? பணம் போய்விடும்.

ரகசியத்தைக் கொடுக்காமலே நிரூபிக்க வழி இருக்கிறது. அதன் பெயர் ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப். ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிகாலி, சார்லஸ் ராக்காஃப் ஆகிய மூவரும் 1985ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இது பிறந்தது. கணக்கு கடினம். ஆனால் 1989ல் ஜான் ஜாக் கிஸ்கேட்டர் குழுவினர் இதை அலிபாபா குகையை வைத்து எளிதாக விளக்கினர். நாமும் குகைக்குள் போவோம்.

உள்ளே பாதை இடம், வலம் என இரண்டாகப் பிரிகிறது. இரண்டும் ஒரு கதவில் போய் முட்டுகின்றன. மந்திரச் சொல் தெரிந்தால்தான் கதவு திறக்கும். தனக்குத் தெரியும் என்கிறார் ராமு. சோமு நம்பவில்லை. சோமு வெளியே நிற்க, ராமு ஏதோ ஒரு பாதையில் போகிறார். பிறகு சோமு பாதை பிரியும் இடத்துக்கு வந்து, "இடது பக்கமாக வா" என்றோ "வலது பக்கமாக வா" என்றோ தன் இஷ்டப்படி கூவுகிறார். மந்திரம் தெரிந்தவர் எப்போதும் சரியாக வருவார். தெரியாதவருக்குப் பாதி வாய்ப்புதான். தொடர்ந்து 10 முறை ஏமாற்ற 1,024ல் ஒரு வாய்ப்பு (கிலோபைட் கணக்கில் பார்த்த அதே எண்!). 20 முறை என்றால் 10,48,576ல் ஒன்று. சோமு நம்பித்தான் ஆகவேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சோமு இதை வீடியோ எடுத்து இன்னொருவரிடம் காட்டினால் அவர் நம்பமாட்டார். இருவரும் முன்பே பேசி வைத்து நடித்திருக்கலாமே! சோமுவுக்கு நம்பிக்கை வந்தது, மந்திரம் கிடைக்கவில்லை. போலித் தளத்தினர் இப்படி ஆயிரம் முறை கேட்டாலும் அதே கதிதான்.

கம்ப்யூட்டரில் குகைக்குப் பதில் மிகப் பெரிய எண்கள். 2016ல் வந்த ஸீகேஷ் என்ற டிஜிட்டல் நாணயத்தில், யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்பதை மறைத்துக்கொண்டே, கணக்கு சரி என்று நிரூபிக்க இந்த முறை பயன்படுகிறது.

ஃபைல் சேமிப்புச் சேவைகளின் விளம்பரத்திலும் "ஜீரோ நாலெட்ஜ்" என்று பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் வேறு சமாச்சாரம். உங்கள் ஃபைல்கள் உங்கள் கம்ப்யூட்டரிலேயே பூட்டப்பட்டு அனுப்பப்படுகின்றன. சாவி நிறுவனத்திடம் இல்லை என்று பொருள். பாஸ்வேர்டை மறந்தால் அவர்களாலும் திறந்து தர முடியாது. அத்தகைய சேவையில் சேரும்போது தரப்படும் மீட்புக் குறியீட்டை பிரிண்ட் எடுத்து பீரோவில் வைத்துவிடுங்கள்.